நெய்யூர் ஆஸ்பத்திரி: பின்வாசல் வழியா ஒரு எட்டு!

முதலில் ஒரு ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன், அப்புறம் உள்ளே போகலாம்.

1890-இல் வட இங்கிலாந்தில் கெண்டல் என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பத் தொழில் செருப்பு. அவர்களின் ‘கே ஷூஸ்’ அந்த நாட்டில் பேர்பெற்ற சரக்கு. பையன் கடையில் உட்காராமல் கேம்பிரிட்ஜுக்குப் போய் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பு வாங்கினார். லண்டனில் டாக்டர் படிப்பு. வாட்டர்கலரில் படம் வரைவார். காதில் விழுந்த பாட்டைத் தாளில் இசைக்குறிப்பாக எழுதிவிடுவார். திபெத்தில் கேட்ட நாட்டார் மெட்டுகளை அப்படி எழுதிவந்து, எவரெஸ்ட் படம் திரையிட்டபோது வாசிக்கவும் வைத்தார். 1922 மே மாதம் மாலரி, நார்ட்டன் என்ற இரண்டு பேரோடு எவரெஸ்டில் ஆக்ஸிஜன் டப்பா இல்லாமல் எட்டாயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேலே ஏறினார். அதுவரை மனிதக் கால் படாத உயரம்!

இப்படிப்பட்ட ஆள் மலையிலிருந்து இறங்கி எங்கே போயிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? லண்டனில் மேடை, மாலை, விருந்து?

நெய்யூருக்கு ஓய்! திங்கள்சந்தைக்குப் பக்கத்திலிருக்கிற நம்ம நெய்யூருக்கு!

டாக்டர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். காரக்கோணத்தில் அவர் பேரில் ஒரு மெடிக்கல் காலேஜே இருக்கிறது. அந்த போர்டைப் பார்த்தபடி பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் எவரெஸ்ட்காரர் என்று தெரியும்? (நாஞ்சில் நாட்டுக்காரர்கள் அதற்குள் சண்டைக்கு வர வேண்டாம். நெய்யூர் கல்குளம் தாலுகா. உங்கள் தோவாளைக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் வெளியே என்பது எனக்கும் தெரியும். நாகர்கோவிலுக்கும் ஒரு ஆளை வைத்திருக்கிறேன், பொறுங்கள்.)

எவரெஸ்டிலிருந்து நெய்யூர் எப்படி வந்தது? 1922 ஜூன் 7 அன்று வடக்குக் கணவாய்ச் சரிவில் பனி பெயர்ந்து விழுந்தது. சுமை தூக்கி வந்த மலைவாசிகள் ஏழு பேர் செத்துப்போனார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தானும் அந்தப் பனியில் கிடந்திருந்தால் மிஞ்சிய கூலிகளுக்கு இழப்பில் பங்கு கொண்ட உணர்வாவது இருந்திருக்குமே என்று சோமர்வெல் பின்னாளில் எழுதினார். அதற்கும் முன்னால் 1916-இல் பிரான்ஸில் சோம் சண்டை. ஏக்கர் கணக்கில் ஸ்ட்ரெச்சர்கள். அதில் யாரை முதலில் மேசைக்கு எடுப்பது என்று முடிவு பண்ணுகிற வேலை இருபத்தாறு வயது டாக்டருக்கு. இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு, வந்ததோடு இந்தியாவையும் சுற்றிப் பார்ப்போமே என்று தெற்கே வந்தார்.

நெய்யூரில் பார்த்தது திரும்ப அதே காட்சி. வராந்தா நிறைய ஜனம். ஆபரேஷன் செய்யத் தெரிந்த டாக்டர் பியூ என்ற ஒரே ஒருத்தர், அவரும் களைத்துப்போய் நிற்கிறார். வந்த விருந்தாளி கோட்டைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தார். அதோடு தீர்ந்தது கதை. ஊருக்குப் போய், லண்டன் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்கவிருந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, 1923-இல் நெய்யூருக்குத் திரும்பி வந்துவிட்டார். நாலு நாள் கைகொடுக்க வந்தவர் கால் நூற்றாண்டு இங்கேயே இருந்தார்.

சரி, முன்வாசல் முடிந்தது. வாருங்கள் பின்வாசலுக்கு. சுவாரசியமெல்லாம் அங்கேதான் இருக்கிறது!

மேடையில் வெளிச்சம் சோமர்வெல் மேல் விழுகிறது, சரி. ஆனால் அந்த மேடையைக் கட்டினது யார்? 1838-இலேயே ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற டாக்டரை லண்டன் மிஷனரி சங்கம் இந்த ஊருக்கு அனுப்பியது. அவர் ரொம்ப நாள் நிற்கவில்லை. அடுத்து வந்தவர் டாக்டர் லீச், பாவம், 1854-இல் முட்டத்தில் கடலில் குளிக்கப் போனவரை அலை கொண்டுபோய்விட்டது. முட்டம் பாறைப் பக்கம் குளிக்க இறங்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விரட்டுவதில் காரணம் இல்லாமலில்லை. அதற்கப்புறம் சில வருஷம் டாக்டரே கிடையாது. வந்தவர் ஒருத்தர் போனால் கதவு சாத்திக்கொள்கிற ஆஸ்பத்திரி!

1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ அந்த ஓட்டையை நன்றாகப் பார்த்துவிட்டார். அவர் இருந்தது ஏழு வருஷம்தான், ஆனால் செய்த காரியம் பெரிது. உள்ளூர் பையன்களைக் கூட்டி உட்கார வைத்து மருத்துவ வகுப்பு தொடங்கிவிட்டார். உடற்கூறு, மருந்து கலக்கல், காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலைப் பிரித்துப் பார்ப்பது, எல்லாம். படித்து முடித்தவர்களைச் சுற்று ஊர்களில் கிளை மருந்தகம் போட்டு உட்கார வைத்தார். லோ கப்பலேறிப் போனார். பையன்கள் இங்கேயே இருந்தார்கள். தாம்சன், ஃப்ரை, ஃபெல்ஸ், பென்டால் என்று வெள்ளைக்கார டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போக, அவர்கள் லீவில் போகிற வருஷங்களிலும் ஆஸ்பத்திரி ஓடியது இவர்களால். உலகத்திலேயே பெரிய மெடிக்கல் மிஷன் என்று நெய்யூரை அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லுவார்கள். அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் நம் ஊர் டிரெசர்களுக்கும் கம்பவுண்டர்களுக்கும் சேர வேண்டியது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம், சாயா வாங்கித் தருகிறேன்.

இன்னொரு திரையை விலக்குவோம்: காத்திருக்கிற வராந்தா. இது திருவிதாங்கூர் ராஜ்யம். யார் எந்த ரோட்டில் நடக்கலாம், யாரிடமிருந்து யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த தேசம். மேலாடை போடும் உரிமைக்காகத் தோள்சீலைக் கலகம் நடந்து ஓய்ந்து ஈரம் காயாத நேரம். அப்போதே நெய்யூர் வராந்தாவில் பிராமணரும் புலையரும் ஒரே கூரைக்குக் கீழே சீட்டுக் கூப்பிடக் காத்திருந்ததை லோ ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார். கோயில் கதவுகளை எல்லோருக்கும் திறந்துவிட மகாராஜா பிரகடனம் போட்டது 1936-இல். வயிற்றுவலி அதற்குப் பல பத்தாண்டு முன்னாலேயே பிரகடனம் போட்டுவிட்டது!

வயிற்றுவலி என்றதும் ஞாபகம் வருகிறது. அதுதான் இந்த ஆஸ்பத்திரியின் நட்சத்திர நோய்.

தென் திருவிதாங்கூரில் குடற்புண் அப்படிக் கொள்ளை கொள்ளையாக இருந்தது. சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் புண். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழித்து வயிறு காந்தும், ராத்திரி தூங்க விடாது, வருஷக்கணக்கில் ஆளை உருக்கும். புண் ஆறி வடுவாகி வழியே அடைத்துக்கொண்டால் தின்றதெல்லாம் வாந்தி. எலும்பும் தோலுமாக மாட்டுவண்டியில் வந்து இறங்குவார்கள். சோமர்வெல்லும் கூட்டாளிகளும் இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரடியாக இணைத்து, புண் இருக்கிற வழியை ஒதுக்கிவிடுகிற அறுவை சிகிச்சையை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். ஒரு லண்டன் சர்ஜன் ஆயுசு முழுக்கப் பார்க்காத எண்ணிக்கையை நெய்யூர் சர்ஜன் சில வருஷத்தில் பார்த்துவிடுவார். 1936-இல் சோமர்வெல்லும், நெய்யூரில் கூட வேலை பார்த்த டாக்டர் இயான் ஆரும் சேர்ந்து பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் கட்டுரை எழுதினார்கள். 1948-இல் இரைப்பை அறுவை பற்றி சோமர்வெல் ஒரு புத்தகமே போட்டார். கல்குளம் தாலுகா வயிறுகள் லண்டன் டாக்டர்களுக்குப் பாடம் எடுத்திருக்கின்றன, வேறென்ன!

புண்ணுக்குக் காரணம் என்ன? சோமர்வெல் சந்தேகப்பட்டது சாப்பாட்டை. மரச்சீனி! விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு, பஞ்சத்தில் உயிர் காத்த கிழங்கு; அதோடு காந்தாரி மிளகாய், சத்து உதிர்ந்த அரிசி. கேட்கிறபோது சரியாகத்தான் படும். ஆனால் 1980-களில் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்று ரெண்டு பேர் வயிற்றில் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமிக் கரைசலை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டார்! சில நாளில் வயிறு அழன்றுபோனது. 2005-இல் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. இன்றைக்கு அதே புண்ணுக்கு ரெண்டு வாரம் மாத்திரை. பாட்டாவுக்கு நெய்யூரில் வயிற்றைக் கிழித்த தழும்பு, பேரனுக்கு மெடிக்கல் ஷாப் கவர், ஒரே நோய். நம்ம மரச்சீனி மேலிருந்த பழியும் பெருமளவு இறங்கியது, அதில் எனக்குத் தனிச் சந்தோஷம். சாளைக்கறியும் மரச்சீனியும் தின்கிற வாயால் இதைச் சொல்கிறேன்.

ஆபரேஷன் அறையைவிடக் கலகலப்பான இடம் மிஷன் ஆஸ்பத்திரிகளின் பின்புறம்தான். நோயாளி ஒருத்தர் வருவார். கூட அம்மா, பெண்டாட்டி, மச்சினன், ரெண்டு குழந்தை, ஒரு பானை, ஒரு சாக்கு விறகு. ராத்திரி கட்டிலுக்கு மேலே நோயாளி, கட்டிலுக்குக் கீழே சொந்தம். விடிந்தால் கல்லைக் கூட்டி அடுப்பு, கஞ்சி, பயறு, சுட்ட கருவாடு. ஆபரேஷன் முடிந்தவருக்கு வெறும் தண்ணிதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன மறு நிமிஷம், பாவம் பிள்ளை வெறும் வயிற்றோடு கிடக்கிறானே என்று யாராவது ஒரு கிழவி கஞ்சியை ஊட்டிவிடுவாள். அன்றும் இன்றும் இந்தக் கிழவியைத் தோற்கடித்த சர்ஜன் கிடையாது! சோமர்வெல் தமிழ் படித்தார். ஆபரேஷனுக்கு முன்னால் ஜெபம் உண்டு. நோயாளி எந்த மதமானாலும் உண்டு. பணம் உள்ளவர் கொடுப்பார், இல்லாதவருக்கும் அதே கத்தி, அதே தையல். மதத்தைப் பரப்பத்தானே வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், வந்தார்கள், மறைக்கவும் இல்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். அதை வராந்தாவில் காத்திருந்தவரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுவேன்.

இப்போது ஒரு துப்பறியும் கதை, இது எனக்கு ரொம்பப் பிடித்தது!

நெய்யூருக்கு வாய்ப்புற்றுநோய்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கன்னத்தின் உள்பக்கம், பல்ஈறு ஓரம். ரேடியம் ஊசிகளை வைத்துச் சிகிச்சை நடந்தது; அந்தக் காலத்தில் ரேடியம் என்பது தங்கத்தைவிட விலை. டாக்டர் இயான் ஆர் சும்மா சிகிச்சை செய்துவிட்டு விடவில்லை. வாயைத் திற, வெத்தலை போடுவாயா, எந்தக் கன்னத்தில் அதக்குவாய், ராத்திரி அதக்கிக்கொண்டே தூங்குவாயா என்று ஒவ்வொருவரையும் குடைந்தார். வெத்தலையும் பாக்கும் சுண்ணாம்பும் போடுகிற கூட்டத்தில் அவர் விரல் நீட்டியது புகையிலை மேல். 1933-இல் ‘லான்செட்’ இதழில் அச்சாகிவிட்டது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் முடிச்சு போட்டு டாலும் ஹில்லும் லண்டனில் எழுதியது 1950-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினேழு வருஷம் முந்திக்கொண்டது நெய்யூர்! திருவிதாங்கூர் சந்தைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தோணி தோணியாகப் புகையிலை வந்திறங்கிய காலம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெத்தலையைப் புற்றுநோய் தருவது என்று பட்டியலில் போட்டது 1985-இல். புகையிலை இல்லாத வெத்தலைப் பாக்கும் தப்பில்லாததல்ல என்று 2004-இல் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை பாக்கு தப்பித்துக்கொண்டிருந்தது.

நாகர்கோவில்காரர்களே, இதோ உங்கள் ஆள்.

ஹாரி ஆண்ட்ரூஸ். அப்போது டாக்டர் இல்லை. பட்டம் ஏதும் கையில் இல்லை. இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத், கேத்தரின் பூத் தம்பதியின் மகள் எம்மா எடுத்து வளர்த்த அநாதைப் பிள்ளை. இளந்தாரியாக இந்தியாவுக்கு வந்து, 1890-களில் நாகர்கோவிலில் சேனை அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்தச் சேனைக்காரர்கள் வந்த புதிதில் வெறுங்காலும் காவியுமாகத் திரிந்தவர்கள். ஊரில் நோய் கண்டது. ஆண்ட்ரூஸுக்குக் கொஞ்சம் மருந்து விவரம் தெரியும். இடம்? அலுவலகத்தில் எல்லா அறையிலும் ஆள் இருக்கிறது. காலியாக இருந்தது குளியலறை. நாலு குப்பியை அங்கே அடுக்கி வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்!

அதுதான் நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியின் பூர்வீகம். குளியலறை! 1900-இல் பெர்சி டர்னர் என்ற பட்டம் பெற்ற டாக்டர் வந்து, முறையான ஆஸ்பத்திரியாக எழுப்பினார். உலகமெங்கும் இரட்சணிய சேனை நடத்துகிற ஆஸ்பத்திரிகளின் கதையை யார் எழுதினாலும் நாகர்கோவில் குளியலறையைத் தொடாமல் எழுத முடியாது. ஆண்ட்ரூஸ் பிற்பாடு வடக்கே போனார். 1919 அக்டோபர் 22, வசிரிஸ்தானில் கஜூரி என்ற காவல்சாவடி. அருகே வாகன வரிசை ஒன்று தாக்கப்பட்டது. குண்டு பறக்கிற வெட்டவெளியில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பி, கடைசியில் தானும் ஏறப் போகும்போது சுடப்பட்டார். விக்டோரியா கிராஸ், இறப்புக்குப் பின். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆகப்பெரிய பதக்கத்துக்காரர் தன் வைத்தியத்தைத் தொடங்கியது நாகர்கோவில் குளியலறையில் என்று இனி கல்யாண வீட்டுப் பந்தியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவியல் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் உங்கள் பக்கம் திரும்பிவிடுவார்.

இந்த ஆட்களைப் பற்றிப் படிக்கும்போது 2004 டிசம்பர் ஞாபகம் வராமல் போகாது. சுனாமி அடித்து, குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் துடித்துக்கிடந்தபோது உதவி எங்கிருந்தெல்லாமோ வந்தது. நல்ல உதவியும் வந்தது. கூடவே தமிழகக் கடற்கரை ஓரமெல்லாம் பழந்துணி மலை மலையாகக் குவிந்தது, கம்பளிச் சட்டை உட்பட! நம் வெக்கையில் கம்பளி! கடலோரத்து ஜனம் அதைத் தொடவே இல்லை. வந்து இறங்குகிறவர் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டாரா, கேட்ட பிறகு எத்தனை நாள் நின்றார், போகிறபோது அந்த வேலையை யார் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டுத் தொண்டர் என்று யார் வந்தாலும் நான் பார்ப்பது இந்த மூன்றைத்தான். அந்தக் கணக்கில் எனக்கு சோமர்வெல்லைவிட ஜான் லோ ஒரு படி மேலே. ஆனால் லோ எவரெஸ்ட் ஏறவில்லையே, என்ன செய்ய!

ஏறியவரின் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது.

1924-இல் சோமர்வெல் நெய்யூரிலிருந்து லீவு போட்டுவிட்டு மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஆமாம், ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு எவரெஸ்ட்! போன இடத்தில், மேலே மாட்டிக்கொண்ட நாலு சுமைக்காரர்களைக் கயிற்றின் நுனிவரை போய் மீட்டுக் கொண்டுவந்தார். அந்த உயரத்துக் குளிர்க்காற்றில் தொண்டை புண்ணாகிப்போனது. ஜூன் 4 அன்று நார்ட்டனோடு ஏறியவர், ஏறத்தாழ எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டரில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் இன்னும் கொஞ்சம் மேலே போய்த் திரும்பினார். இறங்குகிற வழியில் சோமர்வெல்லின் தொண்டை ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. மூச்சும் இல்லை, கூப்பிடக் குரலும் இல்லை. முன்னால் போகிற நார்ட்டனுக்கோ ஒன்றும் தெரியாது. பனியில் உட்கார்ந்து, செத்தோம் என்று நினைத்து, கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அமுக்கினார். அடைத்ததெல்லாம் தொண்டைச் சதையோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. எழுந்து நடந்து கூடாரத்துக்குப் போய்விட்டார்! அந்த வருஷம் ஷாமோனி குளிர்கால ஒலிம்பிக்கில் 1922 குழுவுக்கு மலையேற்றப் பதக்கம் கொடுத்தார்கள். செத்துப்போன ஏழு மலைவாசிகளுக்கும் சேர்த்து. ஆக, நெய்யூரில் வயிற்றைத் தைத்துவிட்டவர் ஒலிம்பிக் பதக்கக்காரரும்கூட. மறு வருஷம் கல்யாணம். குடும்பத்தோடு நெய்யூர் வாசம். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அந்த 1924 ஜூனில், அவர் இறங்கி வந்த கையோடு மாலரி கடைசி முயற்சிக்குக் கிளம்பினார், இர்வின் என்ற வாலிபரைக் கூட்டிக்கொண்டு. காமிரா கொண்டுவர மறந்துவிட்டார் மாலரி. சோமர்வெல் தன் சட்டைப்பை கோடாக்கை எடுத்துக் கொடுத்தார். ரெண்டு பேரும் மேலே போனார்கள், திரும்பவில்லை. உச்சியைத் தொட்டார்களா, தொடவில்லையா? நூறு வருஷமாக மலையேறிகளின் சண்டை! 1999-இல் மாலரியின் உடல் கிடைத்தது, காமிரா இல்லை. 2024-இல் இர்வின் பேர் தைத்த காலுறையோடு ஒரு பூட்ஸ் கிடைத்தது. அப்போதும் காமிரா இல்லை. குளிரில் கிடக்கிற ஃபிலிமைப் பக்குவமாகக் கழுவினால் படம் வர வாய்ப்பிருக்கிறது என்கிறார்கள். உலகமே தேடுகிறது. கிடைத்தால் எவரெஸ்ட் சரித்திரத்தையே திருத்தி எழுத வேண்டியிருக்கலாம். நாம் ஒரு சின்ன விண்ணப்பம் போட்டு வைப்போம்: படம் யாருடையதாகவும் இருக்கட்டும், காமிரா நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டருடையது!